பின்சீட்டைக் கேட்டு முடிவெடுங்கள்: அமீரகத்தில் குடும்பத்தோடு டெண்ட் அடிக்க எங்கே போவது, எதில் தூங்குவது

அக்டோபர் முடிந்து இரவுக் காற்றில் சூடு தணிந்ததும் துபாய், ஷார்ஜா, அபுதாபியில் இருக்கும் நம் வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பும். இந்த வருஷம் டெண்ட் அடிக்க எங்கே போகலாம்? கேட்பவர் பெரும்பாலும் வண்டி ஓட்டுபவர்தான். புதிதாக ஒரு பிராடோவோ, கைமாறிய பழைய பஜேரோவோ வாங்கியிருப்பார். பதிலையும் அவரே தயாராக வைத்திருப்பார்: லீவா பாலைவனம். மனைவியின் கேள்வி வேறு: "பாத்ரூமுக்கு என்ன பண்றது?" ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அம்மா, "தரையிலயா படுக்கணும், குளிராதா?" என்பார். குழந்தைக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான், போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்.

ஒரு பயணம் இனிப்பதும் கசப்பதும் பின்னால் சொன்ன இந்த மூன்று கேள்விகளில்தான் இருக்கிறது. மணலில் வண்டி ஏறி இறங்கும் சுகம் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்கு. அதே மேடு, அதே இறக்கம், பின்சீட்டில் இருப்பவருக்கு வயிற்றைப் புரட்டும். அடுத்த சரிவு எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாது, பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடிதான் இருக்கும். அதனால் இடம், படுக்கை, வண்டி, சமையல், துணை என்று ஒவ்வொன்றையும் பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்து ஒப்பிட்டிருக்கிறேன். பல இடங்களில் ஓட்டுபவரின் ஆசைக்கு எதிராகத்தான் என் தீர்ப்பு இருக்கும்.

முதலில் நேரக் கணக்கு. 2022 ஜனவரியிலிருந்து இங்கே பெரும்பாலான இடங்களில் வெள்ளி அரை நாள் வேலை, சனி ஞாயிறு விடுமுறை. ஷார்ஜாவில் வெள்ளி முழு விடுமுறை. டிசம்பரில் ஐந்தரை மணிக்கே சூரியன் இறங்கிவிடும். குழந்தைகளோடு போகிறவர்கள் இருட்டுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பாவது இடத்தை அடைந்துவிட வேண்டும். டெண்ட் அடிக்க ஒரு மணி நேரம் பிடிக்கும், அதற்கு மேல் குழந்தைகள் வெளிச்சத்திலேயே அந்த இடத்தைச் சுற்றிப் பார்த்துப் பழக கொஞ்சம் நேரம் வேண்டும். இருட்டில் முதன்முதலாகப் பார்க்கும் இடம் குழந்தைக்குப் பயத்தைக் கொடுக்கும். அப்புறம் இரவு முழுக்க யாருக்கும் தூக்கமில்லை. ஆகவே வெள்ளி மதியம் தொழுகை நேரம் முடிந்து கிளம்பும் குடும்பத்துக்கு ஒன்றரை மணி நேர ஓட்டம்தான் எல்லை. இந்தக் கணக்கைப் போட்டுவிட்டால் பாதி இடங்கள் தானாகக் கழிந்துவிடும்.

மணலா, மலையா, கடற்கரையா

மணலில் மூன்று தரம் இருக்கிறது. அல் குத்ரா, ஷார்ஜா மலீஹா பக்கத்து மணல், கடைசியாக லீவா.

அல் குத்ரா ஏரிகள் துபாய் நகரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். தார்ச்சாலையை ஒட்டியே இடம் கிடைக்கும், ஃபோர் வீல் டிரைவ் பெரிதாகத் தேவைப்படாது. பறவைகள் உண்டு, தண்ணீர் உண்டு, அவசரமென்றால் அரை மணி ஓட்டத்தில் பெட்ரோல் பங்க்கும் உண்டு. குறை என்னவென்றால் கூட்டம். விடுமுறை இரவில் பக்கத்துக் குழுவின் ஸ்பீக்கர் நள்ளிரவு வரை பாடும். முதல்முறை போகும் குடும்பத்துக்கு, குறிப்பாக மூன்று வயதுக்கும் கீழே குழந்தை இருந்தால், இதுவே சரி. சரிப்படவில்லை என்றால் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு இரவு பத்து மணிக்கே வீடு திரும்பிவிடலாம். அப்படித் திரும்பும் வசதி கையில் இருப்பதே வீட்டுப் பெண்களுக்குப் பெரிய நிம்மதி.

மலீஹா பக்கம் அடுத்த படி. ஆரஞ்சு நிற மணலுக்கு நடுவே பாறைக்குன்று எழுந்து நிற்கும். ஃபாசில் ராக் என்று எல்லோரும் சொல்லும் குன்று இதுதான். ஒரு காலத்தில் கடலுக்கடியில் இருந்த நிலம், பாறையில் சிப்பிகளின் தடம் இன்னும் இருக்கிறது. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் வேறெங்கே கிடைக்கும்? பக்கத்திலிருக்கும் ஃபாயா நிலப்பகுதியை 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இரண்டு லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் நடமாடிய இடம் அது. மலீஹா தொல்லியல் மையத்துக்குள் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு மணலுக்குப் போனால், மணலுக்கும் ஒரு கதை வந்துவிடும். பாதுகாக்கப்பட்ட பகுதிகளைச் சுற்றி வேலி உண்டு. வேலி இருக்கும் இடத்தில் வண்டி விடக்கூடாது, பிள்ளைகள் கல்லைப் பையில் போட்டுக்கொள்ளவும் கூடாது.

லீவா பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ரூப் அல் காலி என்ற பெருமணலின் விளிம்பு அது. தல் மொரீப் என்ற மேடு அடியிலிருந்து உச்சிவரை சுமார் 300 மீட்டர் என்பார்கள். மாலையில் மணல் நிறம் மாறுவதைப் பார்த்தவர்கள் வாழ்நாள் முழுக்க அதைப் பேசுவார்கள். நானும் அப்படிப் பேசுகிறவன்தான். ஆனால் துபாயிலிருந்து போய்ச் சேரவே நாலு மணி நேரம் ஆகும், அதன் பிறகுதான் மணல் ஓட்டம் தொடங்கும். அங்கே மேடுகள் பெரியவை, நடுநடுவே சப்கா என்ற உப்புச் சேற்றுப் பரப்பு கிடக்கும். மேலே காய்ந்த தரை போலத் தெரியும். ஏறினால் கீழே சேறு, வண்டி அச்சு வரை இறங்கிவிடும். ஓர் இரவுப் பயணத்துக்கு லீவா குடும்பத்துக்கு ஏற்றதில்லை. டிசம்பர் 2, 3 தேசிய தின விடுமுறை போல நீண்ட விடுமுறை கிடைத்தால், ஏற்கெனவே இரண்டு மூன்று முறை வெளியில் தூங்கிப் பழகிய பிள்ளைகளோடு, இரண்டு இரவுகளுக்குப் போங்கள். அப்போது அது தன் முழு அழகையும் கொடுக்கும்.

பொதுவாக மணலின் பெரிய பலம், குழந்தைக்கு எந்தப் பொம்மையும் வேண்டாம் என்பது. சரிவில் உருண்டு விழலாம், அடிபடாது. காலையில் எழுந்தால் டெண்டைச் சுற்றி இரவில் யார் யார் வந்துபோனார்கள் என்று மணலே எழுதி வைத்திருக்கும். வண்டின் தடம், பாலைவன எலியின் தடம், சில நேரம் நரியின் தடம். இதைத் தேடிப் பார்ப்பதற்காகவே பிள்ளைகள் அலாரம் இல்லாமல் எழுந்திருப்பார்கள்.

இனி மலை. ஹத்தா, ஷவ்கா, ஜெபல் ஜைஸ். மணலில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்கு மலைதான் நல்லது. பாதை கரடுமுரடாக இருந்தாலும் வண்டி மெதுவாக, ஒரே சீராகப் போகும். எட்டு வயதுக்கு மேல் என்றால் பாறை ஏறலாம், நடக்கலாம். மணலில் இரண்டு மணி நேரத்தில் சலித்துப்போகும் பெரிய பிள்ளைகள் மலையில் நாள் முழுக்கச் சலிக்காமல் இருப்பார்கள். 1,934 மீட்டர் உயர ஜெபல் ஜைஸுக்கு உச்சிக்கருகே வரை நல்ல தார்ச்சாலை உண்டு. வண்டிக்கு அங்கே வேலையே இல்லை, ஆனால் மேலே குளிர் கடுமை, ஜனவரியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால் கம்பளி நிறைய வேண்டும். ஷவ்கா பக்கம் சரளைக்கல் பாதை, கொஞ்சம் நடை, அணைக்கட்டு என்று எல்லாம் அளவாக இருக்கும். ஹத்தாவில் கழிப்பறை, குளியலறையோடு கட்டணம் கட்டித் தங்கும் முகாம் இடங்கள் இருக்கின்றன. கழிப்பறை பற்றிய கேள்விக்கு நேரடியான பதில் அங்கேதான் கிடைக்கும்.

மலையில் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. இரவில் படுக்க வாதியின் படுகை வேண்டாம். வாதி என்பது மழை பெய்தால் மட்டும் ஓடும் காட்டாற்றுப் பாதை. சமமாக, மெத்து மணலாக, நிழலோடு இருப்பதால் பார்த்ததும் டெண்ட் அடிக்கத் தோன்றும். நம் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே, பல கிலோமீட்டர் மேலே மலையில் பெய்த மழை கல்லும் மரமுமாக அந்தப் பாதையில் வந்து சேரும். 2024 ஏப்ரல் 16 அன்று அல் ஐன் பக்கம் கத்ம் அல் ஷக்லாவில் ஒரே நாளுக்குள் 254.8 மில்லிமீட்டர் பெய்ததை இங்கே இருந்தவர்கள் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். வெள்ளம் ஓடும் வாதிக்குள் வண்டியோடு இறங்கினால் 2,000 திர்ஹம் அபராதம், ஓட்டுநர் உரிமத்தில் 23 கரும்புள்ளி, 60 நாள் வண்டி பறிமுதல் என்று 2023-இல் விதி வந்திருக்கிறது. மழையின்போது வாதிக்கருகே கூடி நின்று வேடிக்கை பார்ப்பதும் குற்றம். மழை அறிவிப்பு இருந்தால் அந்த வாரம் மணலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லை வீட்டிலேயே இருங்கள்.

கடற்கரையை நான் மூன்றாவதாகத்தான் வைப்பேன். உம் அல் குவைன், ராஸ் அல் கைமா பக்கமும் ஃபுஜைராவின் அல் அகா பக்கமும் பலர் போகிறார்கள். பகலில் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். இரவில் ஈரக்காற்று எல்லாவற்றையும் பிசுபிசுக்க வைக்கும், மறைவான இடம் கிடையாது, அலை ஏறும் நேரம் தெரியாமல் ஓரமாக நிறுத்திய வண்டி மாட்டிக்கொள்ளும். பகலில் கடல், இரவில் வீடு, அதுவே போதும்.

ஓமான் இந்த வரிசையில் சேராது, அது தனி. 3,000 மீட்டரை எட்டும் ஜெபல் ஷம்ஸ், அதன் விளிம்பிலிருந்து தெரியும் பெரும் பள்ளத்தாக்கு, கசபிலிருந்து ஏறும் ஜெபல் ஹரீம் மண்பாதை, ஷர்கியா மணல். நாலு நாள் விடுப்பு இருந்தால் அமீரகத்துக்குள் இதற்கு ஈடு கிடையாது. வண்டிக்கு ஓமானில் செல்லும் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். ஒருமுறை மட்டும் நுழையும் விசிட் விசாவில் அப்பா அம்மா வந்திருந்தால், எல்லை தாண்டியதும் அந்த விசா முடிந்துவிடும். திட்டம் போடுகிற உற்சாகத்தில் இது கடைசியில்தான் நினைவுக்கு வரும், முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

படுக்கை: இங்கேதான் பயணம் ஜெயிக்கும்

நன்றாகத் தூங்கி எழுந்த குடும்பம் அடுத்த முறையும் வரும். தூங்காத குடும்பம் வராது, அவ்வளவுதான். அதனால் வண்டிக்குக் கூடுதல் விளக்கு வாங்கும் காசைப் படுக்கையில் போடச் சொல்வேன்.

வண்டிக் கூரையில் விரியும் டெண்டைப் பார்த்தால் எல்லோருக்கும் ஆசை வரும். ஐந்து நிமிடத்தில் விரியும், மெத்தை உள்ளேயே இருக்கும், பூச்சி, தேள் பயமில்லை. ஆனால் எடை ஐம்பது, அறுபது கிலோ, சிலதில் அதற்கும் மேல். அவ்வளவு எடையைக் கூரையில் வைத்துக்கொண்டு மணல்மேட்டின் பக்கச் சரிவில் போனால் வண்டி சாயும் அபாயம் கூடும். உங்கள் வண்டியின் கூரை எவ்வளவு தாங்கும் என்று கையேட்டில் எழுதியிருக்கும், அதைப் பார்க்காமல் கடையில் பொருத்தச் சொல்லாதீர்கள். இன்னொரு சிக்கல் ஏணி. இரவு இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க வேண்டும் என்று எழும் நாலு வயதுக் குழந்தையைத் தூக்கத்தில் ஏணியில் இறக்குவதை யோசித்துப் பாருங்கள். முழங்கால் வலி உள்ள அம்மாவுக்கு அது முடியவே முடியாது. இரண்டு பேர் மட்டும் ஊர் சுற்றப் போனால் கூரை டெண்ட் அருமை. நாலு பேருக்கு அது போதாது, எப்படியும் கீழே இன்னொன்று அடிக்க வேண்டும். அவசரத்துக்கு வண்டியை எடுக்கவேண்டி வந்தால் மேலே தூங்குபவர்கள் எல்லோரையும் எழுப்பி, சுருட்டிவிட்டுத்தான் கிளம்ப முடியும்.

தரை டெண்ட்தான் என் தேர்வு. உள்ளே நின்று உடை மாற்றும் உயரத்தில், ஆள் எண்ணிக்கைக்கு மேல் இரண்டு பேருக்கு இடமுள்ளதாக வாங்குங்கள். நாலு பேருக்கு ஆறு பேர் டெண்ட். டெண்டோடு வரும் சின்ன முளைகள் மணலில் நிற்காது. நீளமான, அகலத் தகடுள்ள மணல் முளை தனியாகக் கிடைக்கிறது, இல்லையென்றால் துணிப்பையில் மணல் நிரப்பிக் கயிற்றைக் கட்டி ஒரு முழம் ஆழத்தில் புதைத்துவிடலாம். மலையில் இதற்கு நேர்மாறு. முளை கல்லில் இறங்காது, கயிற்றைப் பாறையில் கட்ட வேண்டும். காற்று அடிக்கும் பக்கம் வாசல் வேண்டாம், அதன் மறுபக்கம் வையுங்கள். குளிர்கால விடியலில் பனிமூட்டமும் ஈரமும் கொட்டும். டெண்டுக்கு மேல்துணி போடாமல் விட்டால் காலையில் போர்வை நனைந்திருக்கும்.

குளிர் பற்றி நம் ஊர்க்காரர்கள் தப்பாகவே கணிக்கிறார்கள். பகல் 25 டிகிரி இருந்த இடம், ஜனவரி விடியலில் உள்பாலைவனத்தில் 10 டிகிரியைத் தொடும். மணல் சூட்டைப் பிடித்து வைக்காது. குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்துதான் அதிகம் ஏறும். வெறும் காற்று மெத்தை அதைத் தடுக்காது, உள்ளே இருக்கும் காற்றே குளிர்ந்துவிடும். அதற்குக் கீழே தடித்த நுரைப் பாய் ஒன்று விரித்தால் போதும், பாதிப் போர்வை மிச்சம். அம்மாவுக்கு மடக்குக் கட்டில் வாங்குங்கள். உட்கார்ந்து எழ உயரம் இருக்கும், அதன் மேலும் ஒரு பாய் போட வேண்டும். குளிருக்காகக் கரி அடுப்பை டெண்டுக்குள் கொண்டுபோவதை மட்டும் எந்த நிலையிலும் செய்யாதீர்கள். அணைந்ததுபோலத் தெரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. தூங்குபவர்கள் தூக்கத்திலேயே இறந்துபோவார்கள்.

வண்டிக்குள்ளேயே சீட்டை மடக்கித் தூங்குவது இரண்டு பேருக்கு முடியும். குடும்பத்துக்கு அது காற்று பலமாக அடிக்கும் இரவுக்கான மாற்று ஏற்பாடு மட்டும்.

எல்லாம் தயாராக இருக்கும் பாலைவன முகாம்களை நான் தாழ்வாக நினைக்கவில்லை. உணவு, கட்டில், கழிப்பறை எல்லாம் அவர்கள் பொறுப்பு. மூத்தவர்களோடு ஒரு இரவு மணலில் தங்க வேண்டும், யாரும் சிரமப்படக் கூடாது என்றால் அதுதான் நேர்மையான பதில். இழப்பது அமைதி. ஒலிபெருக்கி, விளக்கு, ஆட்டம் என்று அது ஒரு கல்யாண மண்டபம் போல இருக்கும். வானம் பார்க்க முடியாது.

கழிப்பறைக்கு இரண்டு வழி. மடக்கும் நாற்காலி போன்ற கழிப்பறையும் அதற்கென்று உயரமான சிறு டெண்டும் வாங்கிவிடலாம். வண்டியில் இடம் அடைக்கும், ஆனால் வீட்டுப் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் வதங்குவது நிற்கும். இதைவிட மதிப்பான பொருள் எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. அது வேண்டாமென்றால் முகாமிலிருந்து தள்ளி, ஒரு சாண் ஆழம் குழி தோண்டி மூடிவிட்டு, டிஷ்யூவைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

வண்டி

இதில் நண்பர்கள் சண்டையே போடுவார்கள். நான் சுருக்கமாகச் சொல்கிறேன். பிராடோ, பஜேரோ, பேட்ரோல், ராங்க்ளர், எஃப்ஜே குரூஸர் எல்லாமே நம் ஊர்க்காரர் ஒருவர் வார இறுதியில் போகும் இடத்துக்குப் போகும். வித்தியாசம் பின்னால்தான்.

எஃப்ஜே குரூஸரை மணலில் ஓட்டுபவர்கள் அதைக் கொண்டாடுவார்கள். பின்சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். சன்னல் சிறியது, உயரத்தில் இருக்கிறது, குழந்தைக்கு வெளியே எதுவும் தெரியாது. வெளியே தெரியாமல் ஆடினால் வாந்திதான் வரும். பின்கதவு முன்கதவைத் திறந்தபின்தான் திறக்கும். ராங்க்ளரில் நாலு கதவு உள்ளதைத்தான் குடும்பம் யோசிக்க வேண்டும், அதிலும் சாமான் வைக்க இடம் குறைவு. பேட்ரோல் விசாலம், பின்னால் உட்கார்பவருக்கு சோபா மாதிரி. பழைய வி8 எஞ்சினுக்கு எந்த மேடும் மேடாகத் தெரியாது. ஆனால் இரண்டரை டன்னுக்கு மேல் கனம், மணலில் புதைந்தால் தோண்டி எடுப்பதும் அதே கனம்தான். பிராடோ நடுவில் நிற்கிறது. இடம் போதும், கனம் அளவு, எல்லா ஊரிலும் மெக்கானிக் உண்டு. ஏழு பேர் உட்கார்ந்தால் டிக்கியில் இடமிருக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். உற்பத்தி நின்றுவிட்ட பஜேரோ கைமாறிய விலையில் கிடைக்கிறது. முதல் வண்டியாக அது போதும், மிச்சக் காசை மேலே சொன்ன படுக்கைக்கு வையுங்கள். ரேவ் 4, டஸ்டர் மாதிரி லோ கியர் (மெதுவாக, பலமாக இழுக்கும் கியர்) இல்லாத வண்டியென்றால் சரளைப் பாதையும் அல் குத்ராவும் போதும். மணல்மேட்டுக்கு வேண்டாம்.

வாடகை வண்டியை மணலுக்குள் கொண்டுபோக ஒப்பந்தம் பொதுவாக அனுமதிக்காது. சொந்த வண்டி என்றாலும் காப்பீட்டில் ஆஃப் ரோடு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த வண்டியாக இருந்தாலும் ஓட்டும் விதம்தான் பின்சீட்டின் நிம்மதி. மணலில் இறங்குமுன் டயர் காற்றை 35-லிருந்து 15, 18 பிஎஸ்ஐ வரை குறைக்க வேண்டும். டயர் அகலமாகப் பரவி மணலில் மிதக்கும், குலுக்கலும் குறையும். 12-க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். காற்று அளக்கும் மீட்டரைப் பிள்ளை கையில் கொடுங்கள். நாலு டயரும் அவன் அல்லது அவள் பொறுப்பு. வண்டியில் சும்மா உட்கார்ந்து வரும் ஆள் என்ற நிலை மாறி, அந்தப் பயணத்தில் ஒரு வேலை உள்ள ஆளாகிவிடுவார்கள்.

மணல் ஓட்டத்தை மாலையில் வைப்பதா, மறுநாள் காலையிலா? காலையில்தான். இரவு ஈரத்தில் மணல் கொஞ்சம் இறுகியிருக்கும், சாய்வான வெயிலில் மேடுகளின் விளிம்பு நிழலோடு தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே வெளிச்சமாகி, அந்தப் பக்கம் செங்குத்தாக இறங்குவது கண்ணுக்கே தெரியாது. காலை ஏழு மணிக்கு, வெறும் வயிறாகவும் இல்லாமல் பூரி கிழங்கு சாப்பிட்ட வயிறாகவும் இல்லாமல், பிஸ்கெட், டீ என்று லேசாகச் சாப்பிட்டுவிட்டு முக்கால் மணி நேரம் ஓட்டுங்கள். அப்புறம் வந்து டிபன். ஓட்டம் வேண்டாம் என்பவர்கள் முகாமிலேயே இருக்கலாம், அவர்களோடு பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். நாலு வயதுக்குள் குழந்தைக்குத் தனிக் குழந்தை இருக்கை கட்டாயம், பத்து வயது ஆகாத பிள்ளை முன்சீட்டில் உட்காரக்கூடாது என்பவை ரோட்டுச் சட்டங்கள். மணலில் அவற்றைத் தளர்த்தக் காரணம் எதுவும் இல்லை. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு மேடு ஏறுபவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

யார் சமைப்பது

ஆண்கள் கரி பற்றவைத்து இரண்டு சீக் கபாப் திருப்பிவிட்டு, அன்றைய சமையல் முடிந்ததாக நினைத்துக்கொள்வார்கள். வெங்காயம் நறுக்கியது, இறைச்சி ஊறவைத்தது, பாத்திரம் துடைத்தது, குழந்தைக்குத் தனியாக ரசம் சாதம் பிசைந்தது யார் என்று பாருங்கள். வீட்டில் தினமும் அடுப்பில் நிற்பவருக்கு விடுமுறையிலும் அடுப்பு என்றால் அது விடுமுறை இல்லை.

வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போவதற்கே என் ஓட்டு. புளியோதரை, எலுமிச்சை சாதம், உருளை வறுவல், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. இவையெல்லாம் ரயில் பயணத்துக்காக நம் பாட்டிகள் சோதித்துத் தேர்ந்தெடுத்தவை, மணலிலும் தோற்காது. அங்கே வெந்நீர் மட்டும் போட்டால் போதும், டீக்கும் குழந்தைப் பாலுக்கும். ஒரு பர்னர் கேஸ் அடுப்பு அதற்கு ஆகும். பார்பிக்யூ ஆசை இருந்தால் வையுங்கள், முழுப்பொறுப்பும், மறுநாள் கம்பி வலை தேய்ப்பது உட்பட, ஆண்களுடையது என்று கிளம்பும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள்.

தீ மூட்டுவது தரையில் வேண்டாம். பல இடங்களில் அதற்குத் தடை இருக்கிறது. தடையில்லாத இடத்திலும் புதைத்த கரி மணலுக்கடியில் பல மணி நேரம் கனன்றுகொண்டிருக்கும், மறுநாள் வெறுங்காலோடு ஓடும் குழந்தை மிதிக்கும். கால் வைத்த இரும்புத் தட்டில் மூட்டி, தண்ணீர் ஊற்றி அணைத்து, சாம்பலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். விறகைக் கடையில் வாங்குங்கள். தனியாக நிற்கும் காஃப் மரம் இந்த நாட்டின் தேசிய மரம், அதன் கிளையை ஒடிக்கக் கூடாது. பிளாஸ்டிக் பை ஒன்றைக்கூட விட்டுவிட்டு வராதீர்கள். இங்கே ஒட்டகங்கள் அதைத் தின்று, வயிற்றில் கல்லாக இறுகி இறந்துபோவதைக் கால்நடை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

பௌர்ணமியா, அமாவாசையா, தனியாகவா, கூட்டமாகவா

வானம் பார்ப்பவர்கள் அமாவாசையைத்தான் சொல்வார்கள். அல் ஐனுக்குத் தெற்கே அல் குவா பக்கம் போனால் பால்வெளியே தெரியும் என்பது உண்மைதான். சின்னக் குழந்தைகளோடு முதல் இரண்டு மூன்று பயணங்களுக்குப் பௌர்ணமிக்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களைத் தேர்ந்தெடுங்கள். சூரியன் இறங்கும்போதே நிலா மேலே வந்திருக்கும். டார்ச் இல்லாமல் விளையாடலாம், முகம் தெரியும், பயம் இருக்காது. பௌர்ணமி கழிந்துவிட்டால் நிலா தாமதமாக எழும், பிள்ளைகள் விழித்திருக்கும் நேரம் இருட்டாகிவிடும். வீட்டு நாள்காட்டியைப் பார்த்தே இதை முடிவு செய்யலாம். பிள்ளைகள் பழகியபின் அமாவாசைக்கு மாறுங்கள். டிசம்பர் மாலையில் கிழக்கே கார்த்திகையும் ரோகிணியும் எழுந்து வரும், பின்னாலேயே மிருகசீரிடம். பாட்டி கூட இருந்தால் நட்சத்திரப் பெயர் சொல்லும் வேலை அவருடையது.

தனியாக ஒரே வண்டியில் மணலுக்குள் போகவே கூடாது. இது விருப்பம் சார்ந்ததில்லை. புதைந்தால் இழுக்க இரண்டாவது வண்டி வேண்டும். இழுவைப் பட்டை, மண்வெட்டி, டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் மூன்றும் ஒவ்வொரு வண்டியிலும் இருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் கணக்கில் தண்ணீர், அதற்கு மேல் ஒரு நாளுக்கு உபரி. இருக்கும் இடத்தின் அடையாளப் புள்ளியை ஊரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவிட்டு, எப்போது திரும்புவீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். போலீஸ் 999.

ஆனால் பெரிய கூட்டமும் குடும்பத்துக்கு ஆகாது. பத்து வண்டி சேர்ந்தால் வேகம் வேகக்காரர்கள் கையில் போய்விடும். பின்னால் வரும் வண்டியில் ஒரு குழந்தை வாந்தி எடுத்ததற்காக ஒன்பது வண்டி நிற்காது, நின்றாலும் அந்தத் தாய்க்குக் கூச்சமாக இருக்கும். மூன்று வண்டி, மூன்று குடும்பம், ஒத்த வயதுப் பிள்ளைகள். இதுதான் நான் பார்த்ததில் நன்றாக ஓடும் அளவு. பிள்ளைகள் தங்களுக்குள் விளையாடிக்கொள்வார்கள். பெரியவர்களில் ஒருவர் எப்போதும் அவர்கள் மேல் கண் வைத்திருக்கலாம், மற்றவர்கள் உட்கார்ந்து பேசலாம். வண்டி வரிசையில் யார் மெதுவாக ஓட்டுகிறாரோ அவர் இரண்டாவதாக வர வேண்டும். அப்போது முன்னால் போகிறவர் கண்ணாடியில் அவரைப் பார்த்தே தன் வேகத்தை வைத்துக்கொள்வார்.

புதிதாகத் தொடங்கும் குடும்பத்துக்கு நான் சொல்லும் வரிசை இதுதான்: நவம்பர் கடைசியில் அல் குத்ரா, பிடித்திருந்தால் டிசம்பர் பௌர்ணமியை ஒட்டி மலீஹா, பள்ளி விடுமுறையில் பெரியவர்களையும் சேர்த்து ஹத்தா, பிப்ரவரியில் எல்லோரும் சரியென்றால் லீவாவில் இரண்டு இரவு. மார்ச் பாதிக்கு மேல் பகல் வெயில் ஏறத் தொடங்கும், காற்று மணலைக் கிளப்பும். அதற்குள் இந்த நாலும் முடிந்துவிட வேண்டும். இடையில் எந்தப் படியிலாவது வீட்டில் ஒருவர் "இதுவே போதும்" என்றால் அந்தக் குளிர்காலம் முழுக்க அந்த இடத்துக்கே திரும்பத் திரும்பப் போங்கள். லீவா அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கும்.